சாம்பல் கிண்ணத்தில் ஒரு பொம்மைச் சிப்பாய்

எஸ்.பி.எம். எழுதவிருந்த வருடம் பேய்த் தொடர் பார்த்து நான் வாங்கிய திட்டுக்குக் கணக்கில்லை. "படிக்கிற பிள்ளை ராத்திரியில பேயைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கு," என்பார் அம்மா. பக்கத்தில் தலையணையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அண்ணனை மட்டும் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். இரவுச் சந்தையில் வட்டு வாங்கி வருவதே அவர்தான்.

தொடரின் பெயர் 'சூப்பர்நேச்சுரல்'. 2005 செப்டம்பரில் அமெரிக்காவில் தொடங்கி 2020 நவம்பரில் முடிந்தது. 15 பருவங்கள், 327 அத்தியாயங்கள். பேய் பிசாசுகளை வேட்டையாடும் டீன், சாம் என்ற அண்ணன் தம்பி. அவர்கள் ஊர் ஊராகச் சுற்றும் 1967ஆம் ஆண்டு கறுப்பு இம்பாலா கார். அடிப்படைக் கதை அவ்வளவுதான்.

பிறகு ஊடகத் துறையில் பட்டம் வாங்கினேன், வானொலி அறிவிப்பாளர் ஆனேன். கதை எழுதுவது எப்படி என்று விரிவுரைகளில் படித்ததைவிட அந்தப் பேய்த் தொடரிடம் படித்ததே அதிகம் என்பது இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் தெரிந்தது.

நள்ளிரவு நிகழ்ச்சிக்கு 15 நிமிட நாடகம் ஒன்று எழுதச் சொன்னார்கள். பேய்க்கதைதான். பழைய தோட்டம், பால்மரக் காடு, வெள்ளைச் சேலை, பொந்தியானாக்கின் சிரிப்பு என்று எல்லாவற்றையும் போட்டேன். படித்துப் பார்த்த மூத்த தயாரிப்பாளர் தாள்களைத் திருப்பிக் கொடுத்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இந்தப் பேய்க்கு என்னம்மா வேணும்?"

என்னிடம் பதில் இல்லை.

அன்றிரவு 'சூப்பர்நேச்சுரல்' முதல் அத்தியாயத்தை மறுபடியும் பார்த்தேன், இந்த முறை கையில் நோட்டுப் புத்தகத்தோடு. அதிலும் வெள்ளை உடைப் பெண்தான் பேய். கணவனின் துரோகத்தால் புத்தி பேதலித்து, பெற்ற பிள்ளைகளைக் குளியல் தொட்டியில் மூழ்கடித்து, தானும் பாலத்திலிருந்து குதித்தவள். சாலையில் போகும் ஆண்களிடம், வீட்டில் கொண்டுபோய் விடச் சொல்லிக் கேட்கிறாள். ஆனால் வீட்டுக்குள் போக அவளுக்குப் பயம். உள்ளே பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். நம் ஊர்ப் பொந்தியானாக்கும் பிள்ளைப்பேற்றில் இறந்தவள் என்றுதானே சொல்வார்கள்? அந்தத் துக்கத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது சேலையும் தலைமுடியும்தான். என் நாடகத்தில் அவைதான் மிஞ்சியிருந்தன.

இன்னொன்றையும் கவனித்தேன். தம்பி சாம், அப்பாவோடு சண்டை போட்டு வீட்டைவிட்டு வெளியேறிக் கல்லூரிக்குப் போனவன். திரும்பிப் போக வீடில்லாத அவன்தான், கடைசியில் காரை ஓட்டிக்கொண்டு அந்தப் பேயின் வீட்டுக்குள்ளேயே மோதி, அவளை வீடு சேர்க்கிறான். பேயின் சிக்கலும் நாயகனின் சிக்கலும் ஒன்றுதான்.

அடுத்தது, சட்டம். பேய் உப்புக் கோட்டைத் தாண்டாது. இரும்பு பட்டால் கலைந்துபோகும். எலும்பைத் தோண்டி உப்புப் போட்டு எரித்தால்தான் அடங்கும். இதெல்லாம் நமக்கு முன்பே தெரிவதால்தான், காற்றில் உப்புக் கோடு கலையும்போது வயிறு கலங்குகிறது. என் பேயோ நினைத்ததையெல்லாம் செய்தது. அதனால் யாருக்கும் பயம் வரவில்லை.

பிறகு ஐந்தாம் பருவத்தின் கடைசி அத்தியாயம். தொடரை உருவாக்கிய எரிக் கிரிப்கி முதலில் ஐந்து பருவங்களுக்குத்தான் கதையைத் திட்டமிட்டிருந்தார். சாமின் உடலுக்குள் சாத்தான் புகுந்துகொண்டு அண்ணனை அடித்து நொறுக்குகிறான். உலகமே அழியப் போகிறது. அப்போது காரின் சாம்பல் கிண்ணத்தில், சின்ன வயதில் சாம் திணித்து மாட்டிக்கொண்ட ஒரு பொம்மைச் சிப்பாய் கண்ணில் படுகிறது. பழைய நாளெல்லாம் நினைவுக்கு வர, அவன் தன்னை மீட்டுக்கொள்கிறான். மந்திரம் எதுவும் செய்யாததை ஒரு பொம்மை செய்துவிட்டது.

அந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டேன். அப்பாவின் புரோட்டான் சாகா நினைவுக்கு வந்துவிட்டது.

அப்பா லாரி ஓட்டுநர். அந்தப் பழைய சாகாவை அவர் இரண்டாம் கையாக வாங்கினார். தீபாவளிக்குச் சுங்கை சிப்புட்டுக்குப் போகும்போது தாப்பா பக்கம் நெரிசலில் மாட்டிக்கொள்வோம். பின் இருக்கையில் நானும் அண்ணனும் முறுக்கு டின்னுக்காகச் சண்டை போடுவோம். அப்பா இறந்த மூன்றாம் மாதம் அண்ணன் அதை விற்றுவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "நீங்க அப்பாவையே வித்துட்டீங்க," என்று தொலைபேசியில் கத்தினேன். அதோடு பேச்சு நின்றது. தீபாவளிக்குக்கூட அம்மா வீட்டுக்கு ஆளுக்கொரு நேரத்தில்தான் போவோம்.

புதிய நாடகத்தை எழுதினேன். இறந்துபோன லாரி ஓட்டுநர், தன் பழைய காரின் வானொலி வழியாகப் பேசுகிறார். என்ஜின் ஓடும்போது மட்டும்தான் அவர் குரல் கேட்கும். அதுதான் சட்டம். வில்லன், காரை விற்ற மகன். மூன்று நாள் எழுதியும் அந்த மகன் மட்டும் மரக்கட்டையாகவே நின்றான். பேயிடம் கேட்ட கேள்வியை அவனிடம் நான் கேட்கவே இல்லை. இவனுக்கு என்ன வேணும்?

தெரியாததால் அம்மாவைக் கூப்பிட்டேன். அண்ணன் ஏன் விற்றார் என்று முதன்முறையாகக் கேட்டேன்.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. "தினமும் வேலை முடிஞ்சு வந்து அந்தக் காடிக்குள்ள சும்மா உட்கார்ந்திருப்பான். ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம். சாப்பிடக் கூப்பிட்டாலும் வரமாட்டான். பார்க்க முடியல. நான்தான் விக்கச் சொன்னேன். உன்கிட்ட சொல்லாதீங்கம்மா, உங்க மேல கோவப்படுவான்னு சொல்லிட்டான்."

அன்று எழுத முடியவில்லை. மறுநாள் முதல் பக்கத்திலிருந்து மாற்றி எழுதினேன். அதில் வில்லன் இல்லை. அப்பாவின் குரலைக் கேட்பதற்காக இரவெல்லாம் என்ஜினை ஓடவிட்டு உட்கார்ந்திருக்கும் ஒரு மகன்தான் இருந்தான். தயாரிப்பாளர் இந்த முறை கேள்வி எதுவும் கேட்கவில்லை.

நாடகம் ஒலிபரப்பாவதை அண்ணனிடம் நான் சொல்லவில்லை. அம்மா சொல்லியிருக்க வேண்டும். முடிந்து கொஞ்ச நேரத்தில் கைப்பேசியில் ஒரு செய்தி வந்தது.

"பாப்பா, அந்த ரேடியோ பட்டன் உடைஞ்சதும் அப்பா தீக்குச்சியைச் சொருகி வச்சிருப்பாரே. அதை விட்டுட்ட."

உண்மைதான். நான் அதை மறந்தே போயிருந்தேன்.

"ஞாயித்துக்கிழமை அம்மா வீட்டுக்கு வாங்கண்ணே. இன்னும் என்னென்ன விட்டிருக்கேன்னு சொல்லுங்க," என்று பதில் அனுப்பினேன்.

வந்தார். பட்டியலே போட்டு வைத்திருந்தார்.