யாருடைய களஞ்சியம்?

திருவனந்தபுரத்துக்குப் படிக்க வரும் தமிழ் மாணவரை முதலில் தயங்க வைப்பது மலையாள வினைமுற்று. ‘வந்நு’ என்றால் வந்தது நானா, நீயா, அவனா? தமிழில் ‘வந்தான்’ என்பதன் விகுதியே விடை தந்துவிடும். மலையாளத்தில் அதைச் சூழல்தான் தர வேண்டும். இந்நகரின் மகாராஜா கல்லூரியில் பேராசிரியராக இருந்த ஏ. ஆர். ராஜராஜ வர்மா, தமது கேரளபாணினீயத்தில் இதைப் ‘புருஷபேத நிராசம்’ என்றார். இது குறையன்று, மேடையில் ஒருவரே நிற்கும்வரை குழப்பமும் எழாது.

கிட் மென்பொருளின் மூலநிரலில் நடந்துவரும் மறுசீரமைப்பும் இத்தகையதே. 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் அதை எழுதத் தொடங்கியபோது ஒரு கட்டளைக்கு ஒரு களஞ்சியம். வேலை முடிந்ததும் நிரல் நின்றுவிடும். எந்தக் களஞ்சியம் என்பதைச் செயற்கூறுகளுக்குச் சொல்லத் தேவையில்லை. முழுதளாவிய மாறிகள் அதை வைத்திருந்தன. சப்மாட்யூல்கள் வந்தபின் மேடையில் இருவர். தாய்க் களஞ்சியத்தையும் சேய்க் களஞ்சியத்தையும் ஒரே ஓட்டத்தில் கையாள முடியாமல், சேய்க்கென்று தனியாக இன்னொரு கிட்டை இயக்க வேண்டியிருந்தது.

2017இல் களஞ்சியத்துக்கென ஒரு ஸ்ட்ரக்ட் அமைக்கப்பட்டு, செயற்கூறுகள் அதை அளபுருவாகப் பெறத் தொடங்கின. வினைக்கு விகுதி சேர்க்கும் வேலைதான். ஆனால் ஒரு செயற்கூற்றில் சேர்த்தால், அதை அழைப்பவை அனைத்தும் அந்த அளபுருவை எங்கிருந்தாவது பெற்றுத் தர வேண்டும். சங்கிலி மேலே மேலே நீளும். இடையில் ‘தி_ரெப்பாசிட்டரி’ என்ற முழுதளாவிய மாறி கைக்கெட்டும் தொலைவிலேயே இருந்ததால் பலரும் அதையே எடுத்தாண்டனர். 2024இல் வந்த ஒரு மேக்ரோ இதற்குக் கடிவாளமிட்டது: அம்மாறியை நம்பியிருக்கும் கோப்பு அதைத் தன் தலைப்பிலேயே அறிவிக்க வேண்டும். அறிவிப்பு நீங்கிய கோப்பில் யாரேனும் அதை மீண்டும் பயன்படுத்தினால் கம்பைலரே மறுத்துவிடும். இலக்கண ஆசிரியர் எவருக்கும் வாய்க்காத வசதி!

அமைப்புத் தெரிவுகள் இன்னும் சிக்கலானவை. அவை களஞ்சியத்துக்குக் களஞ்சியம் வேறுபடலாம். முழுதளாவிய மாறியில் வைத்தாலோ ஒன்றின் தெரிவு மற்றொன்றையும் ஆளும். 2025ஆம் ஆண்டின் கூகுள் சம்மர் ஆஃப் கோட் திட்டத்தில் கிட் மாணவர்களுக்கு முன்வைத்த பணிகளுள் இதுவும் ஒன்று.

களஞ்சியத்துக்கு வெளியே இயங்கும் கட்டளைகளும் உண்டு. அங்கே கைக்கு வரும் அளபுரு வெற்றுச் சுட்டி. பழைய மாறி எப்போதும் ஏதோ ஒன்றைச் சுட்டி நின்றதால், எழுவாயே இல்லாத இவ்வாக்கியங்கள் கண்ணில் படவில்லை. இப்போது அத்தகைய கட்டளை ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதிக்க வேண்டியிருக்கிறது.