அவர்களும் பெரட்டுக்கு வரட்டும்



தோட்டத்து லயமானாலும் சரி, பட்டணத்து அடுக்குமாடி வீடானாலும் சரி, நம்மவர் பேச்சில் ஒரு சின்னஞ்சிறு சொல் ஒளிந்து கிடக்கிறது. "அது" என்பதுதான் அந்தச் சொல். "அதுக்கு ஒண்ணும் புரியாது", "அதை எந்த வேலைக்கு அனுப்புறது?", "அது பாட்டுக்கு வீட்டோட இருக்கட்டும்" என்கிறோம். தவழும் குழந்தையை அப்படிச் சொன்னால் அழகுதான். ஆனால் நாம் சொல்வது இருபது வயது கடந்த, காது கேளாத மகளையும், மற்றவரைப் போல் விரைவாகக் கற்க இயலாத மகனையும் பற்றியல்லவா? கெட்ட எண்ணத்தோடு யாரும் சொல்வதில்லை, பாசத்தோடுதான் சொல்கிறோம். ஆயினும், "அவன்" என்பதும் "அவள்" என்பதும் "அது"வாக மாறிய அன்றே அந்தப் பிள்ளைக்குரிய வேலையும் சம்பளமும் கைநழுவிப் போய்விடுகின்றன.

பழைய ரப்பர்த் தோட்ட வாழ்க்கையைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். பால்மரம் வெட்டுவது எல்லாருக்கும் வந்துவிடும் வேலையல்ல. விடியுமுன்னே எழுந்து போய், மரத்தின் உயிர்ப்படலத்தில் கத்தி படாமல், பட்டையை மட்டும் மெல்லிசாகச் சீவ வேண்டும். ஆனால் வெட்டு ஒன்றுதான் வேலையா? மங்கு துடைக்க வேண்டும். ஒட்டுப்பால் உரிக்க வேண்டும். வாளி தூக்க வேண்டும். குடும்பத்தோடு நிரைக்குப் போன நாளில், மந்தமானவன் என்று சொல்லப்பட்ட தம்பிதான் ஒட்டுப்பாலை உரித்துச் சாக்கில் சேர்ப்பான். காது கேளாத தங்கைதான் மங்குகளைத் துடைத்துக் கவிழ்ப்பாள். அவர்கள் உழைத்தார்கள். ஆனால் செக்ரோலில் அவர்கள் பெயர் இருந்ததில்லை. உழைப்பு அம்மாவின் கணக்கிலே சேர்ந்தது.

பிறகு காலம் மாறியது. பல தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. குடும்பங்கள் பட்டணத்துக்குக் குடியேறின. தொழிற்சாலை வாசலில் அம்மாவின் நிழலில் ஒண்டிக்கொண்டு யாரும் உள்ளே போக முடியாது. பாரம் நிரப்ப வேண்டும். நேர்முகத்தில் நாலு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். நன்றாக வேலை செய்யக் கூடியவர்கள்கூட அந்த நாலு கேள்வியிலேயே தோற்று வீடு திரும்புகிறார்கள். வீட்டுக்குள் போனவர்கள் வீட்டோடேயே தங்கிவிடுகிறார்கள்.

என்னிடம் படித்த ஒரு மாணவனைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். கேள்வி கேட்டால் முகத்தைப் பார்க்க மாட்டான். இரைச்சல் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வான். ஆனால் வகுப்பு அலமாரியில் புத்தகம் ஒன்று தலைகீழாக இருந்தாலும் அவனுக்குப் பொறுக்காது. எழுந்து போய்த் திருப்பி வைத்துவிட்டுத்தான் உட்காருவான். வளர்ந்த பிறகு, அருகிலுள்ள செம்பனை நர்சரியில் குத்தகைக்காரர் ஒருவரிடம் பை நிரப்பும் வேலைக்குச் சேர்ந்தான். ஒரு வாரம்கூட ஆகவில்லை. "சோம்பேறி, சொன்னது எதுவும் செய்ய மாட்டேங்கிறான்" என்று பேச்சு வந்துவிட்டது. அவன் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைத் தேடி வந்தார்.

மறுநாள் பள்ளி முடிந்ததும் நர்சரிக்குப் போய்ப் பார்த்தேன். மண்டோர் நல்ல மனிதர்தான். ஆனால் காலையில் டிராக்டர் இரைச்சலுக்கு நடுவே நின்று, "மண்ணைப் போடு, கெட்டியா அமுக்கு, ரொம்ப நிரப்பாதே, வரிசையா அடுக்கு, முடிஞ்சதும் தண்ணி ஊத்து" என்று ஒரே மூச்சில் ஐந்து வேலை சொல்லிவிட்டுப் போய்விடுவார். பையன் முதல் சொல்லிலேயே நின்றுவிடுவான். "ரொம்ப நிரப்பாதே" என்றால் எவ்வளவு என்று அவனுக்கு யார் சொன்னார்கள்?

வழி கண்டுபிடித்தது நானல்ல, அவன் அம்மாதான். "வீட்டுல அரிசி டின்னுக்குள்ள கோடு போட்டு வச்சிருக்கேன் டீச்சர். கோட்டுக்கு மேல ஒரு அரிசி போட மாட்டான்" என்றார். அவ்வளவுதான். பையின் உள்பக்கம் சுண்ணாம்பால் ஒரு கோடு. வரிசைக்குப் பத்துப் பை என்று தரையில் பத்துக் கற்கள். ஒரு வேலை முடிந்த பிறகே அடுத்த வேலை. டிராக்டர் நிற்கும் இடத்திலிருந்து தள்ளி, கடைசி வரிசையில் அவனுக்கு ஓர் இடம். செலவு ஒரு காசும் இல்லை. இரண்டே வாரத்தில், அவன் நிரப்பிய பைகள் நூல் பிடித்தாற்போல் நிற்கத் தொடங்கின. மண் குறைந்த பையில் கன்று சாயும். விளிம்புவரை நிரப்பினால் ஊற்றும் தண்ணீர் வழிந்தோடும். ஆகவே ஒரே அளவாக நிரப்புவது நர்சரியில் சிறிய காரியமல்ல.

இத்தோடு முடிந்திருந்தால் நல்ல கதையாகப் போயிருக்கும். மாதக் கடைசியில் சம்பளம் வந்தது. மற்றவர்களுக்குக் கொடுத்ததில் பாதிதான் அவனுக்கு! "சும்மா வீட்டுல கிடக்கிறதுக்கு இது மேல்தானே" என்றார் குத்தகைக்காரர். அம்மாவும் தயங்கினார். "பாதியாவது கிடைக்குதே டீச்சர், ஏதாவது கேட்கப் போய் அதுவும் போயிட்டா?" என்றார். அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஏழை வீட்டில் பாதிச் சம்பளமும் அரிசிதான்.

பேசியவர் மண்டோர். "நாம பையைத்தானே எண்ணுறோம், ஆளையா எண்ணுறோம்?" என்று குத்தகைக்காரரிடம் எண்ணிக்கைப் புத்தகத்தை நீட்டினார். அடுத்த மாதத்திலிருந்து முழுக்கூலி வந்தது. முதல் மாதத்து மீதிப் பாதி மட்டும் வரவேயில்லை.

வாசகர்களே, அந்தப் பாதிச் சம்பளம்தான் இங்கே பெரிய செய்தி. நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 2013-ஆம் ஆண்டு தீபகற்பத்தில் மாதம் 900 வெள்ளியாகத் தொடங்கியது. 2025-ஆம் ஆண்டில் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. அந்தக் கணக்கில் "அரை ஆள்" என்று ஒரு பிரிவு கிடையாது. இரக்கப்பட்டு வேலை கொடுத்தேன் என்று சொல்லிக் கூலியில் கை வைப்பது இரக்கமாகாது.

இன்னொரு மாணவி, காது கேளாதவள். பட்டணத்துத் தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்தாள். சூப்பர்வைசரின் வாயசைவைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்வாள். எல்லாரும் முகக்கவசம் போட்ட காலம் வந்ததும் அவளுக்கு உலகமே ஊமையாகிவிட்டது. "கூப்பிட்டா திரும்பிப் பார்க்க மாட்டேங்கிறா" என்று குறை எழுதப்பட்டது. பக்கத்து மேசைத் தோழி ஒருத்தி சின்ன வெள்ளைப் பலகை ஒன்றை வாங்கி வைத்தாள். அன்றைய உத்தரவுகளை அதில் எழுதினார்கள். மணி அடிக்கும் இடத்தில் விளக்கும் எரிய ஏற்பாடு செய்தார்கள். குறை எழுதுவது நின்றது. மாறியது அவள் காதல்ல. உத்தரவு அவளுக்குப் போய்ச் சேர்ந்த வழிதான்.

இதைப் பெரிய நிறுவனங்களும் செய்து காட்டியிருக்கின்றன. 2016-ஆம் ஆண்டு கோலாலம்பூர் பங்சாரில், காது கேளாதவர்கள் பணிபுரியும் காப்பிக் கடை ஒன்றை ஸ்டார்பக்ஸ் நிறுவனம் திறந்தது. வருகிறவர்கள் வேண்டியதைக் குறித்துக் கொடுத்தார்கள். பானம் தயாரானதைத் திரையில் வரும் எண் சொல்லியது. காப்பியின் சுவை குறைந்ததாக யாரும் சொல்லவில்லையே!

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. அரசாங்க வேலைகளில் 100-க்கு 1 இடம் இவர்களுக்கு என்ற கொள்கை 1988-ஆம் ஆண்டிலேயே வந்தது. பல ஆண்டுகள் கழிந்தும் அந்த ஒன்று எட்டப்படவில்லை என்பது வருத்தம். 2008-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம், மற்றவர்களுக்குச் சமமாக வேலை பெறும் உரிமை இவர்களுக்கு உண்டு என்று 29-ஆம் பிரிவில் சொல்கிறது. ஆனால் மீறுகிற முதலாளிக்குத் தண்டனை என்ன என்பதை அச்சட்டம் நிறைவேறியபோது சொல்லவில்லை. பல் இல்லாத சட்டம் என்று பலரும் குறைப்பட்டதற்கு அதுவே காரணம். வேலை கொடுக்கும் முதலாளிகளுக்கு, அவர்கள் தரும் சம்பளத்தை வருமானவரிக் கணக்கில் இரட்டிப்பாகக் கழித்துக்கொள்ளும் சலுகை உண்டு. இதை அறியாத சிறு முதலாளிகள் எத்தனையோ பேர். விபத்தில் கையோ காலோ இழந்த தொழிலாளி மீண்டும் வேலைக்குத் திரும்பச் சொக்சோ 2007-ஆம் ஆண்டு முதல் தனித் திட்டமே நடத்தி வருகிறது. புதிய இடத்தில் கூடவே நின்று வேலை பழக்கித் தரும் பயிற்றுநர்களும் உண்டு. அவர்களைத்தான் "ஜோப் கோச்" என்கிறார்கள். நர்சரியில் அந்த அம்மா செய்ததும் அந்த வேலைதான்; பட்டம் மட்டும் இல்லை.

இவற்றுக்கெல்லாம் வாசற்படி ஓ.கே.யு. அட்டை. மாவட்டச் சமூக நலத்துறை அலுவலகத்தில் பாரம் வாங்கி, மருத்துவரிடம் உறுதி பெற்றுக் கொடுக்க வேண்டும். செவி, பார்வை, பேச்சு, உடல், கற்றல், மனநலம், பல குறைகள் சேர்ந்தது என ஏழு வகை உண்டு. கற்றல் என்ற வகையும் அதில் இருப்பது நம் பெற்றோரில் பலருக்குத் தெரிவதில்லை. தெரிந்தாலும் சிலர் போவதில்லை. "அட்டை எடுத்தா அக்காவுக்கு மாப்பிள்ளை கிடைக்காது" என்று ஒரு தாய் என்னிடமே சொன்னார். ஒரு பிள்ளையின் கல்யாணத்துக்காக இன்னொரு பிள்ளையின் பிழைப்பை மூடி மறைப்பது எந்த ஊர் நியாயம் அம்மா?

ஆகவே சில வேண்டுகோள்கள். பெற்றோரே, உங்கள் பிள்ளை எதைச் செய்யும்போது தன்னை மறந்து நிற்கிறான் என்று கவனித்து வையுங்கள். அரிசி அளப்பதா, துணி மடிப்பதா, ஆணிகளை வகை பிரிப்பதா? வேலை கேட்கப் போகும்போது அதைச் சொல்லுங்கள். மண்டோர்களே, சூப்பர்வைசர்களே, ஒரு நேரத்தில் ஒரு வேலை சொல்லுங்கள், செய்து காட்டுங்கள், "கொஞ்சம்", "சீக்கிரம்" என்பதற்குப் பதிலாகக் கோடு, எண், மணி காட்டுங்கள். புதிதாக வந்த எந்த ஆளுக்கும் அது நல்லதே. உடன் வேலை செய்கிறவர்களே, கேலிப்பெயர் வைக்காதீர்கள். சாப்பாட்டு வேளையில் பக்கத்தில் இடம் விடுங்கள். இதற்குச் சட்டம் வேண்டியதில்லை.

மாதக் கடைசியில் தன் பெயர் எழுதிய சம்பளச் சீட்டைக் கையில் வாங்கும்போது ஒருவன் நிமிர்ந்து நிற்கிறான். வீட்டில் அவனிடமும், "தம்பி, இந்த மாசம் அரிசிக்கு எவ்வளவு தருவே?" என்று கேட்கிறார்கள். நம் பிள்ளைகளில் ஒருவர் விடாமல் எல்லாரிடமும் அந்தக் கேள்வி கேட்கப்படும் நாள் வர வேண்டும்.