ட்ரிக்கரை இழுக்காதே, அழுத்து

 கொஞ்சம் நீளமான பதிவு. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

போன வாரம் கோவையில் மகள் வீட்டில் இருந்தேன். பேத்தி பத்து மீட்டர் ஏர் பிஸ்டல் பழகுகிறாள். 2024 ஜூலை 28, ஞாயிற்றுக்கிழமை, பாரிஸில் மனு பாக்கர் வெண்கலம் வாங்கியதை டிவியில் பார்த்த நாளில் பிடித்த ஆசை அது. அதற்கு முந்தைய டோக்கியோ ஒலிம்பிக்கில் பாதியிலேயே பிஸ்டல் பழுதாகி, நேரம் போய், இறுதிச் சுற்றுக்கே வரமுடியாமல் அழுத பெண் அவர். அந்தக் கதையைப் பேத்தி நூறு முறையாவது சொல்லியிருப்பாள்.

தினமும் சாயங்காலம் வீட்டிலேயே குண்டில்லாமல் பயிற்சி. உள்ளே எதுவும் இல்லை என்று இரண்டு முறை பார்த்துக்கொள்வாள் (இதை நான்தான் கறாராகச் சொல்லியிருக்கிறேன்). பிறகு வெறும் வெள்ளைச் சுவரைப் பார்த்து ஒரு கையால் நீட்டி, ட்ரிக்கரை அழுத்துவாள். "டிக்" என்று சத்தம் வரும்போது முன்சைட் துளியும் நகரக் கூடாது. அவ்வளவுதான் பயிற்சி.

"சுவத்தச் சுட்டு என்னடி கத்துக்கறே?" என்று பாட்டி கேட்டாள். நான் கணக்கு வாத்தியார் ஆயிற்றே, தாளை எடுத்துப் போட்டுக் காட்டினேன். பிஸ்டலின் பின்சைட்டுக்கும் முன்சைட்டுக்கும் நடுவே சுமார் 35 செ.மீ. வடிவொத்த முக்கோணங்கள்! எட்டாம் வகுப்பில் தூங்கியவர்கள் இப்போது விழித்துக்கொள்ளவும். முன்சைட் 1 மி.மீ. விலகினால் பத்து மீட்டரில் குண்டு ஏறக்குறைய 3 செ.மீ. தள்ளிப் போகும். பத்து மதிப்பெண் வட்டத்தின் விட்டமே 11.5 மி.மீ. தான். கை மொத்தமாக லேசாக ஆடினால் இவ்வளவு கெடுதல் இல்லை. கை எல்லோருக்கும் ஆடும், ஒலிம்பிக் வீரருக்கும் ஆடும். விரல் வெடுக்கென்று இழுப்பதுதான் சைட்டைத் திருப்பிவிடுகிறது.

ஏர் பிஸ்டலின் ட்ரிக்கர் குறைந்தது 500 கிராம் எடையைத் தாங்க வேண்டும் என்பது விதி. போட்டிக்கு முன் எடையைத் தொங்கவிட்டுச் சோதிப்பார்கள். அரை கிலோ சர்க்கரைப் பொட்டலத்தின் கனம்தான். ஆட்காட்டி விரலின் நுனிச் சதையை வைத்து, முதலில் தளர்வாக வரும் பகுதியை எடுத்துவிட்டு, தடை தட்டும் இடத்திலிருந்து நேர் பின்னால், கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். எந்த நொடியில் வெடிக்கும் என்று சுடுகிறவருக்கே தெரியக் கூடாது. "இதோ, இப்போ சரியா இருக்கு, சுடு" என்று மனசு சொன்னதோ, போச்சு. வெடித்த பிறகும் ஒரு நொடி அப்படியே சைட்டைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். நேரம் இழுத்துவிட்டால் சுடாமல் கையை இறக்கிவிடலாம். இறக்குவது தோல்வி இல்லை என்பதைக் கற்பதுதான் சிரமம் என்கிறாள் பேத்தி.

இதையெல்லாம் நான் முப்பது வருடத்துக்கு முன்பே கற்றிருக்க வேண்டும். என்.சி.சி. ஆபீசராகக் காம்ப்டியில் பயிற்சி முடித்து வந்தவன் நான். புத்தகத்தில் இருந்ததுதான். மனப்பாடமாகச் சொல்வேன்.

ஒரு கேம்ப்பில் பாயிண்ட் 22 ரைஃபிள் ஃபயரிங். தலைக்கு 5 குண்டு. ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன், நிதானமான பையன், டீமில் இடம் கிடைக்கும் என்று ஆசையோடு படுத்திருந்தான். பின்னால் வரிசை நீளமாக இருந்தது, வெயில் வேறு. அவன் மூச்சை அடக்கி மெதுவாக அழுத்திக்கொண்டிருந்தான். அதாவது, சரியாகத்தான் செய்துகொண்டிருந்தான். நான் தலைக்கு மேல் நின்று, "என்னடா தூங்கறியா? ம்ம், சுடு!" என்று கத்தினேன். ஐந்தில் இரண்டு தாளிலேயே படவில்லை. எல்லோர் முன்னாலும், "உனக்கெல்லாம் எதுக்குடா துப்பாக்கி?" என்றேன்.

அன்று சாயங்காலம் ஹவில்தார் என்னைப் படுக்கச் சொன்னார். திரும்பி நின்று அவரே ரைஃபிளை லோடு பண்ணிக் கொடுத்தார். முதல் குண்டு வெடித்தது. இரண்டாவது முறை "டிக்" என்றது. உள்ளே குண்டே இல்லை! ஆனால் ரைஃபிள் முனை ஒரு விரற்கடை கீழே குனிந்தது. என் கண்ணும் மூடியிருந்தது. "சார், குண்டு இல்லாமயே பயந்துட்டீங்க. அந்தப் பையன் பயப்படலை சார், நீங்க கத்தற வரைக்கும்" என்றார். நான் பதில் பேசவில்லை. பையனிடமும் போய் எதுவும் சொல்லவில்லை. அடுத்த மாதமே அவன் என்.சி.சி. உடுப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். 'ஏ' சான்றிதழ் கூட வாங்கவில்லை.

இப்போது பேத்தி சுவரைப் பார்த்து நிற்கும்போது பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருகிறேன். வாயைத் திறப்பதில்லை. நேற்று ஒரு முறை ரொம்ப நேரம் நின்றுவிட்டு, சுடாமலே கையை இறக்கினாள். "என்ன தாத்தா, ஒண்ணும் சொல்லலை?" என்றாள். "சொல்றதுக்கு ஒண்ணுமில்ல கண்ணு" என்றேன்.

அந்தப் பையன் இந்தப் பக்கத்தில் இருக்கிறானா தெரியவில்லை. அவனுடைய செட்டில் பலர் இருக்கிறீர்கள். பெயரைப் போட எனக்கு மனமில்லை, உங்களுக்கே தெரியும். அவனிடம் இதைக் காட்டுங்கள். தப்பு என் மேல்தான் என்று சார் சொன்னதாகச் சொல்லுங்கள். என் நம்பர் மாறவில்லை.