தூதரகத்துக்கு எத்தனை படிகள்?

"ஏனுங்கக்கா, பாப்பா ஐ.எஃப்.எஸ்.ஸுக்குப் படிக்குதாமா? காட்டு ஆபீஸர் வேலைதானுங்களே அது?"

எங்கள் தெருவில் இந்தக் கேள்வியைக் கேட்காதவர்கள் குறைவு. கோபிச்செட்டிபாளையத்துக்குப் பக்கத்திலேயே சத்தியமங்கலம் காடு. அந்த மூன்றெழுத்தைச் சொன்னால் இங்கே யாருக்கும் வனத்துறைதான் ஞாபகம் வரும். அதற்கும் அதே சுருக்கப் பெயர்தான். ஆனால் என் மகள் ஆசைப்பட்டது இந்திய வெளியுறவுப் பணிக்கு. வெளிநாட்டுத் தூதரகங்களில் நம் நாட்டின் சார்பாக வேலை பார்ப்பவர்களே, அவர்கள்.

இதற்கென்று தனிப் பரீட்சை கிடையாது. கலெக்டர் ஆவதற்கு எழுதும் அதே யு.பி.எஸ்.சி. குடிமைப் பணித் தேர்வுதான். பெண்களுக்கு விண்ணப்பக் கட்டணமும் இல்லை. ஆனால் விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து கடைசி முடிவு வர ஒரு வருஷத்துக்கும் மேல் ஆகிவிடுகிறது. முதல்நிலைத் தேர்வைக் கோவையில் எழுதினாள். முதன்மைத் தேர்வுக்குச் சென்னை. நேர்முகத்துக்கு டெல்லி. படி ஏற ஏற ஊர் தூரமாகிக்கொண்டே போனது.

முதல்நிலையில் ஒரு தப்பான பதிலுக்கு, அந்தக் கேள்வியின் மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். முதன்மைத் தேர்வில் ஒன்பது தாள்கள். அதில் தமிழும் ஆங்கிலமும் தேறினால் மட்டும் போதும், கணக்கில் சேராது. ஆனால் அதில் தவறினால் மற்ற தாள்களைத் திருத்தவே மாட்டார்கள். மீதி ஏழு தாளுக்கு 1,750, நேர்முகத்துக்கு 275, ஆக மொத்தம் 2,025 மதிப்பெண்.

முதல் முயற்சியில் முதல்நிலையே தாண்டவில்லை. இரண்டாவது தடவை நேர்முகம் வரைக்கும் போனாள். 2024 ஏப்ரல் 16-ம் தேதி முடிவு வந்தது. 1,016 பேர் பட்டியலில் அவள் பெயர் இல்லை. நேர்முகம் வரை போனதால் அடுத்த வருஷம் ஏதாவது சலுகை உண்டா என்று அவள் அப்பா கேட்டார். ஒன்றும் கிடையாது. மறுபடியும் முதல்நிலையிலிருந்துதான் தொடங்க வேண்டும். அதற்கு இருந்தது சரியாக இரண்டே மாதம். ஜூன் 16-ல் தேர்வு.

இரண்டு நாள் யாரோடும் அதிகம் பேசவில்லை. மூன்றாம் நாள் பழைய வினாத்தாள்களை எடுத்துக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்குக் கிளம்பினாள்.

அன்று ராத்திரி மூன்று பேரும் உட்கார்ந்து பேசினோம். பொதுப் பிரிவுக்கு 32 வயது வரை ஆறு முறையும், பிற்படுத்தப்பட்டோருக்கு 35 வயது வரை ஒன்பது முறையும் எழுதலாம். சட்டம் அத்தனை தடவை அனுமதிக்கிறது என்பதற்காக அத்தனை வருஷமும் அதற்கே என்று ஆகிவிடக் கூடாதல்லவா? "மூணாவது தடவையோட நிறுத்திக்கறேன்மா. அதுவரைக்கும் சாயங்காலம் ரெண்டு மணி நேரம் டியூஷன் எடுக்கறேன்" என்று அவளே சொன்னாள். முதல்நிலை தேறியவர்களுக்குத் தமிழக அரசின் நான் முதல்வன் திட்டத்தில் 25,000 ரூபாய் தருகிறார்கள். அதுவும் டியூஷன் பணமும் சேர்ந்து சென்னை, டெல்லி செலவுக்குக் கை கொடுத்தன.

மாமியாருக்குக் கவலை வேறு. "நாடு நாடாப் போற புள்ளைய யாரு கண்ணு கட்டிக்குவாங்க?" என்று வாரம் ஒரு ஜாதகத்தை எடுத்து வைப்பார். அவருக்காகவே என் மகள் முத்தம்மா கதையைச் சொன்னாள். குடகில் பிறந்து, சென்னையில் கல்லூரி படித்து, 1949-ல் வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண் சி.பி. முத்தம்மா. அந்தக் காலத்தில் அந்தப் பணியில் இருக்கும் பெண், கல்யாணம் செய்ய அரசிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். குடும்பத்தால் வேலை கெடுகிறது என்று அரசு நினைத்தால் ராஜினாமா செய்யச் சொல்லலாம். ஆண்களுக்கு அப்படி விதி இல்லை. முத்தம்மா உச்ச நீதிமன்றம் வரை போனார். 1979-ல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அந்தப் பாகுபாட்டைக் கடுமையாகக் கண்டித்துத் தீர்ப்பு எழுதினார். கேட்டுவிட்டு மாமியார், "அந்தம்மா கெட்டிக்காரிதான்" என்றார். ஜாதகம் வருவது மட்டும் நிற்கவில்லை.

டிசம்பரில் முதன்மைத் தேர்வு முடிவு வந்தது. தேறியிருந்தாள். அப்போது எந்தப் பணி முதலில் வேண்டும் என்று வரிசைப்படுத்திக் கொடுக்க வேண்டும். பரீட்சையைவிட எங்கள் வீட்டில் அதிகம் பேசப்பட்டது அந்தப் படிவம்தான். "கலெக்டர் வேலையை முதல்ல போடு கண்ணு. நம்ம நாட்டுலயாவது இருப்ப" என்றார் அவள் அப்பா. அவள் சிரித்தாள். "அஸ்ஸாம் கிடைச்சா அங்கதானேப்பா இருப்பேன்?" பிறகு சிரிப்பை விட்டு, "வெளிநாட்டுல பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வெச்சுக்கிட்டாங்கன்னு அழற நம்ம ஆளுங்க முதல்ல ஓடற இடம் தூதரகம்தான்பா. அந்த நாற்காலியில நான் இருக்கணும்" என்றாள். எங்கள் தெருவிலேயே வளைகுடாவில் வேலை பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அவர் அதற்கு மேல் பேசவில்லை. முதல் இடத்தில் வெளியுறவுப் பணி போயிற்று.

டெல்லியில் நேர்முகத்தையும் மருத்துவப் பரிசோதனையையும் முடித்துவிட்டுத் திரும்பினாள். 2025 ஏப்ரல் 22-ல் வந்த முடிவில் 1,009 பேரில் அவள் பெயரும் இருந்தது. தெருவே வந்து வாழ்த்தியது. கூடவே, "என்ன போஸ்ட்டுங்க?" என்று கேட்டது.

அதற்குத்தான் பதில் இல்லை. இந்தத் தடவை வெளியுறவுப் பணிக்கு 55 இடம். போன தடவை 37. ரேங்க், பிரிவு, விருப்ப வரிசை, காலியிடம் எல்லாவற்றையும் பார்த்துத்தான் ஒதுக்குவார்கள். அவள் ரேங்க் எல்லைக்கோட்டில் நிற்கிறது. பட்டியல் வர மாதங்கள் ஆகும். அதற்கு நடுவே போலீஸ் விசாரணையும் முடிய வேண்டும்.

கிடைத்தாலும் படிகள் முடிவதில்லை. முசோரியில் அடிப்படைப் பயிற்சி, அப்புறம் டெல்லியில் சுஷ்மா ஸ்வராஜ் வெளியுறவுப் பணி நிறுவனம். பிறகு அரபி, சீனம், ரஷ்யன், ஸ்பானிஷ் என்று ஏதாவது ஒரு மொழியை ஒதுக்கி, அந்த மொழி பேசும் நாட்டுக்கு அனுப்புவார்கள். அதில் தேர்ச்சி பெற்றால்தான் பணி உறுதியாகும்.

இந்த மூன்று வருஷத்தில் எனக்குப் புரிந்தது ஒன்றுதான். பரீட்சைக்குத் தேதி உண்டு, பாடத்திட்டம் உண்டு, பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள். காத்திருப்புக்கு இரண்டும் கிடையாது. அதைத்தான் வீட்டில் இருக்கும் நாம் சேர்ந்து சுமக்க வேண்டும். எத்தனை முயற்சி என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள். கையில் ஒரு சின்ன வருமானம் இருக்கட்டும். கல்யாணத்தையும் பண்டிகையையும் முடிவு வரட்டும் என்று தள்ளிப் போடாதீர்கள். "என்னாச்சு?" என்று தினமும் கேட்காதீர்கள். ஏதாவது ஆகியிருந்தால் அவர்களே ஓடி வந்து சொல்வார்கள்.

இதை எழுதும்போதும் பட்டியல் வரவில்லை. கூடத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஆறு பேருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறாள். நாளைக்கு அவர்களுக்கு டெஸ்ட்டாம்.