எண்ணெய்ப் பக்கம்

வெப்பப் பரிமாற்றி வடிவமைப்புக்குப் புதிதாக வருகிறவர்களின் கை முதலில் போவது டிட்டஸ்–போல்ட்டர் சூத்திரத்துக்குத்தான். 1930இல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில், மோட்டார் வண்டி ரேடியேட்டர் குழாய்களை வைத்துப் பிறந்தது. நல்ல சூத்திரம். ஆனால் குழாய்க்குள் எப்படிப்பட்ட ஓட்டம் என்று தெரியாமல் அதைத் தொடக்கூடாது.

25 மி.மீ. உள்விட்டக் குழாய், வினாடிக்கு 1 மீட்டர் வேகம், 40 டிகிரி செல்சியஸ். தண்ணீர் ஓடினால் ரெனால்ட்ஸ் எண் சுமார் 38,000, நல்ல சுழற்சி ஓட்டம். வெப்ப மாற்றுக் குணகம், சதுர மீட்டருக்கு டிகிரிக்கு, ஏறத்தாழ 4,800 வாட். நீலின்ஸ்கியின் 1976ஆம் ஆண்டுச் சூத்திரத்தில் போட்டால் 5,300. எது சரி என்று இந்த வித்தியாசத்தில் மணிக்கணக்காக மல்லுக்கட்டுகிறவர்கள் உண்டு.

அதே குழாயில் என்ஜின் ஆயிலை விடுங்கள். ரெனால்ட்ஸ் எண் 100க்கு விழுந்துவிடும், வரிச்சீர் ஓட்டம். சுவர் வெப்பநிலை மாறாவிட்டால் நஸ்ஸெல்ட் எண் 3.66 என்கிறது பாடப்புத்தகம். அதன்படி குணகம் வெறும் 21. இங்கேதான் நிதானிக்க வேண்டும். 3.66 என்பது வெப்பநிலைப் பரவல் முழுதாக நிலைபெற்ற பிறகு வரும் எண். பிராண்டல் எண் 2,900ஐ நெருங்கும் இந்த ஆயில் அந்த நிலைக்கு வர சுமார் 370 மீட்டர் ஓட வேண்டும். நம் குழாயோ 3 மீட்டர். அதற்குள் சுவரை ஒட்டிய மெல்லிய படலம் மட்டும்தான் ஆறுகிறது. நடுவில் ஓடும் ஆயில் வந்த சூட்டோடேயே வெளியேறிவிடுகிறது. படலம் மெலிந்திருப்பதால்தான் வெப்பம் எளிதில் கடக்கிறது. குழாய் நீளத்தையும் கணக்கில் எடுக்கும் சீடர்–டேட் சூத்திரம் (1936) சுமார் 145 தருகிறது, ஏழு மடங்கு. குளிர்ந்த சுவரோரம் ஆயிலின் பாகுநிலை நான்கு மடங்கு ஏறினால் அது 120க்கு இறங்கும். அந்தத் திருத்தத்தை விடவே கூடாது.

இனி இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். உள்ளே ஆயில் 145, வெளியே தண்ணீர் 4,800 என்றால், சுவரையும் படிவையும், இப்போதைக்குப் பாகுநிலைத் திருத்தத்தையும் தள்ளிவைத்து, மொத்தக் குணகம் 141. தண்ணீருக்கு 5,300 போட்டாலும் 141தான்.

ஆகவே, இளம் பொறியாளர்களே, தண்ணீர்ப் பக்கத்தைச் சட்டென்று முடித்துவிட்டு, மிச்ச நேரம் முழுவதையும் ஆயிலுக்குக் கொடுங்கள். எந்தச் சூத்திரம், எந்த வெப்பநிலையின் பாகுநிலை, எவ்வளவு குழாய் நீளம் என்பதைக் கணக்குத் தாளில் குணகத்துக்குப் பக்கத்திலேயே எழுதிவையுங்கள்.