பந்தயத் திடலில் எழுந்த நகரம்

பெரிய நகரங்களில் நிலம் வாங்கிக் கட்டடம் எழுப்பி விற்பவர்களைப் பற்றி நம் ஜனங்களிடையே நல்ல அபிப்பிராயம் நிலவுவது அபூர்வம். ஏரியைத் தூர்த்தவர்கள், தோப்பை அழித்தவர்கள், ஏழைகள் குடியிருந்த இடத்தைப் பத்திரத்தின் பலத்தால் பறித்தவர்கள் என்றே அவர்கள் பேசப்படுகிறார்கள். அப்பேச்சில் பெரும்பகுதி உண்மை என்பதை நான் மறுக்கத் துணியேன். ஆயினும், புதுச்சேரிக் கதிர்காமத்தில் பிறந்து, எங்கள் ஊரார் வழக்கமாகப் போகும் பிரான்சுக்குப் போகாமல் கிழக்கே திரும்பி, கோலாலம்பூரில் ஒரு கட்டுமான நிறுவனத்தின் கணக்குப் பகுதியில் உத்தியோகம் ஏற்று, இந்நாட்டுச் சோற்றையே உண்டு வாழ்ந்துவரும் எனக்கு, 2024 நவம்பர் 28 அன்று தமது 86ஆம் வயதில் காலமான மலேசியத் தொழிலதிபர் டான் ஸ்ரீ ஆனந்த கிருஷ்ணனின் வாழ்க்கை, அத்தொழிலைப் பற்றி நிதானமாகச் சிந்திக்கவேண்டிய கட்டாயத்தை உண்டாக்கிற்று. இந்நகரின் முகத்தையே மாற்றியவர்களில் முதன்மையான ஒருவர் தமிழர் என்ற பெருமிதம் அச்சிந்தனையில் ஒரு பாதிதான். மறுபாதி அவ்வளவு இனிதானதன்று.

அவர் 1938ல் பிறந்த பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்திலேதான் நானும் குடியிருக்கிறேன். 1881ல் கோலாலம்பூரைத் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்து அழித்த பின், அத்தாப்பு வேய்ந்த மரவீடுகளை விட்டுச் செங்கல்லும் ஓடும் கொண்டே கட்டவேண்டும் என்று ஆங்கில அதிகாரி சுவெட்டன்ஹம் வற்புறுத்தியதன் பயனாக, களிமண் வளமாய்க் கிடைத்த இப்பகுதியில் சூளைகள் தோன்றின. பின்னர் ரயில்வே இலாகா இங்கே பட்டறைகளையும் குடியிருப்புகளையும் அமைத்தபோது, தண்டவாளம் போடத் தமிழகத்திலிருந்து தொழிலாளரும், பேரேடு எழுத யாழ்ப்பாணத்திலிருந்து குமாஸ்தாக்களும் வந்து சேர்ந்தனர். ஆனந்த கிருஷ்ணன் யாழ்ப்பாண வம்சத்துப் பிள்ளை. இவ்வட்டாரத்து விவேகானந்தா தமிழ்ப்பள்ளியில் எழுத்தறிந்து, விக்டோரியா கலாசாலையில் தேறி, கொழும்புத் திட்டத்தின் உபகாரச் சம்பளத்தில் மெல்போர்ன் சென்று அரசியல் சாஸ்திரம் பயின்று, 1964ல் ஹார்வர்டு சர்வகலாசாலையில் வியாபார நிர்வாகப் பட்டமும் பெற்றுத் திரும்பினார்.

அதன்பின் அவர் தொட்ட தொழில்கள் பல: எண்ணெய் வியாபாரம், பந்தயச் சீட்டு, செயற்கைக்கோள், தொலைக்காட்சி, கைப்பேசி. தமிழ்நாட்டாருக்கும் புதுவையாருக்கும் அவர் பெயர் எட்டியதே, 2006ல் அவருடைய மாக்சிஸ் நிறுவனம் ஏர்செல்லை வாங்கிய பிறகுதான். அந்த வாணிகம் வழக்கையும் நட்டத்தையும் கண்டு, 2018ல் ஏர்செல் திவாலாயிற்று. அவற்றை இங்கே விஸ்தரிக்க நான் முற்படவில்லை. நிலமே என் விஷயம்.

இன்று கே.எல்.சி.சி. (கோலாலம்பூர் நகர மையம்) என வழங்கும் இடம் 1896ல் தோன்றிய சிலாங்கூர் குதிரைப் பந்தயக் கழகத்தின் திடலாக இருந்தது. நகரத்தின் நடுவே, அம்பாங் சாலையின் ஓரத்தில், சுமார் 100 ஏக்கர் வெறும் புல்தரை! நகரம் நாற்புறமும் வளர்ந்து நெருக்கியபோது, பந்தய நாட்களில் சாலைகள் அடைபட்டு ஜனங்கள் அவஸ்தைப்பட்டதைக் கண்டு அரசாங்கம் அக்கழகத்தை நகருக்கு வெளியே அகற்றத் தீர்மானித்தது. கழகமும் பிற்பாடு சுங்கை பெசிக்குப் பெயர்ந்தது. காலியாகப் போகும் அந்நிலத்தில் ஒரு கட்டடத்தையல்ல, ஒரு நகரத்தையே நிர்மாணிக்கலாம் என்று கண்டவர்களில் முன்னின்றவர் ஆனந்த கிருஷ்ணன். பிரதமர் மகாதீரின் ஆதரவு அவருக்கு இருந்தது. தேச எண்ணெய் ஸ்தாபனமான பெட்ரோனாஸ் பெரும்பங்குதாரராக வந்து சேர்ந்தது. அவ்வளவு செல்வாக்கு இல்லாத ஒருவருக்கு அத்திடல் கிடைத்திருக்குமா என்று கேட்டால், கிடைத்திராது என்பதே நேர்மையான விடை. அரசாங்கத்தின் கதவு திறவாமல் எந்த நாட்டிலும் எந்தப் பெருநகர நிர்மாணியும் பெரியவனானதில்லை.

1991ல் நடந்த சர்வதேசப் போட்டியில் சீசர் பெல்லி என்ற சிற்பியின் வரைபடம் தேர்ந்தெடுக்கப்பட்டது. எட்டு முனை நட்சத்திரத்தை அடிப்படையாகக் கொண்ட இரட்டைக் கோபுரங்கள், 88 நிலைகள், 452 மீட்டர் உயரம், 41ஆம் 42ஆம் நிலைகளை இணைக்கும் பாலம் என்ற விவரங்களைச் சுற்றுலாப் பயணிகளுக்குப் பள்ளிப் பிள்ளைகளும் ஒப்பிக்கிறார்கள். எனக்கு எப்போதும் வியப்பைத் தருவது மண்ணுக்கு மேலுள்ளது அன்று, கீழுள்ளது. திடலின் அடியில் சுண்ணாம்புப் பாறை ஓரிடத்தில் கைக்கெட்டும் ஆழத்திலும், சில கஜம் தள்ளி அதலபாதாளத்திலும், நடுநடுவே குகைகளுமாகக் கிடந்தது. முதலில் குறித்த இடத்தில் கட்டினால் கோபுரத்தின் ஒரு பாதி பாறைமீதும் மறுபாதி மண்மீதும் நிற்க நேரும், காலக்கிரமத்தில் ஒரு பக்கமாய்ச் சாயும் என்று கண்டு, வரைபடம் முழுவதையும் சுமார் 60 மீட்டர் நகர்த்தினார்கள். பாறையைத் தொட முயலாமல், மண்ணின் பிடிப்பையே நம்பி 60 முதல் 114 மீட்டர் ஆழம்வரை காங்கிரீட் தூண்களை இறக்கி, அவற்றின்மேல் நாலரை மீட்டர் கனத்தில் ஒரே பலகையாக அஸ்திவாரம் வார்த்தார்கள். ஒவ்வொரு கோபுரத்துக்கும் 13,200 கனமீட்டர் காங்கிரீட்டை 54 மணி நேரம் இடைவிடாமல் ஊற்றினார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். நடுவில் நிறுத்தினால் பழைய வார்ப்பும் புதிய வார்ப்பும் ஒட்டாது. ஆகையால் லாரிகள் இரவும் பகலும் வரிசைகட்டி வந்துகொண்டே இருந்திருக்கவேண்டும். கலவை லாரி ஒன்று ஒரு மணி தாமதித்தாலே எங்கள் தளத்தில் மேஸ்திரி படும் பதற்றத்தை நேரில் கண்டவனாதலால், அந்த 54 மணி நேரத்தை நினைக்கும்போது எனக்கு உடல் சிலிர்க்கிறது.

1997ல் ஆசிய நாணயங்கள் சரிந்தபோது இந்நகரத்தில் பாதியில் நின்ற கட்டடங்கள் பல. ரிங்கிட்டின் மதிப்பு வீழ்ந்து, 1998 செப்டம்பரில் ஒரு டாலருக்கு 3.80 என்று அரசாங்கம் அதைக் கட்டிப்போட நேர்ந்தது. அந்த இடருக்கு நடுவே இரட்டைக் கோபுரம் முடிந்து, 1998 முதல் 2004 வரை உலகில் மிக உயர்ந்த கட்டடம் என்ற கீர்த்தியையும் பெற்றது. ஆனந்த கிருஷ்ணனோ அதன் அருகே அதைவிட மிகவும் தாழ்ந்த மாக்சிஸ் கோபுரத்தில் தம் காரியாலயத்தை அமைத்துக்கொண்டு, பத்திரிகைக்காரர்களின் கண்ணில் படாமலே இருந்துவிட்டார். தம் பெயரை எக்கட்டடத்தின் நெற்றியிலும் எழுதாத அக்குணத்தை நான் மதிக்கிறேன்.

இத்தொழிலின் சூட்சுமத்தை அருகிருந்து பார்ப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்லவேண்டும். இந்நாட்டில் வீடு கட்டுவோர் பெரும்பாலும் முதலில் விற்றுப் பிறகு கட்டுகிறார்கள். வாங்குபவர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போது விலையில் 10 சதவீதம் செலுத்தி, அஸ்திவாரம், தூண், சுவர், கூரை என்று வேலை நகர நகர மீதியைத் தவணையாகச் செலுத்துவார். ஆகவே இன்னும் எழும்பாத வீட்டுக்கான கடனைச் சாமானியன் சுமக்கிறான். மேம்பாட்டாளர் கைவிட்டு ஓடினால் வீடும் இல்லை, பணமும் இல்லை. புல் மண்டிக் கம்பி துருவேறி நிற்கும் அத்தகைய குடியிருப்பொன்றின் முன்னால், அங்கே வீடு வாங்கிய ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை குடையைப் பிடித்துக்கொண்டு தம்முடைய வீடு எந்த மாடியில் வரவேண்டும் என்று எனக்குக் கைகாட்டியதுண்டு. அவர் காட்டிய இடத்தில் ஆகாயந்தான் இருந்தது. சொன்னதைக் கட்டி முடிப்பது என்ற சாதாரணக் காரியமே இத்தொழிலில் பெரிய தருமம் என்று நான் கருதுவது இதனால்தான்.

ஆனால் ஆனந்த கிருஷ்ணனும் அவருடைய சகாக்களும் செய்தவற்றில் மிக உயர்ந்தது கட்டியதன்று, கட்டாமல் விட்டது. அந்த 100 ஏக்கரில் ஏறத்தாழப் பாதியைப் பூங்காவாக ஒதுக்கி, பிரேசில் நாட்டு ராபர்ட்டோ பர்ல் மார்க்ஸ் என்ற நந்தவனக் கலைஞரைக் கொண்டு அமைத்தார்கள். 1994ல் காலமான அவருடைய கடைசி வேலைகளில் ஒன்று அது. சதுர அடிக்கு இவ்வளவு என்று விலைபோகும் நிலத்தில், ஞாயிற்றுக்கிழமை மாலையில் நேபாளத்துக் காவலாளியும் இந்தோனேசியப் பணிப்பெண்ணும் வங்காளதேசத்துக் கொத்தனும் காசு கொடாமல் புல்லில் சாய்ந்திருப்பதையும், முழங்கால் ஆழ நீரில் எல்லா ஜாதிப் பிள்ளைகளும் கூச்சலிட்டுக் குளிப்பதையும் பார்க்கும்போது, இத்தொழிலுக்கு இதைவிடச் சிறந்த நியாயம் வேறு வேண்டுமா என்று தோன்றும். அப்பூங்கா சுற்றியுள்ள கட்டடங்களின் வாடகையையும் உயர்த்துகிறது என்பதை நான் மறக்கவில்லை. லாபத்தோடு சேர்ந்து வந்தாலும் நன்மை நன்மைதான்.

எங்கள் கதிர்காமத்தை எண்ணி ஏங்குவதும் அங்கேதான். புதுச்சேரியைப் பற்றி எழுதுவோர் புல்வார் என்னும் சுற்றுச்சாலைக்கு உட்பட்ட நேர்த்தியான வீதிகளையே புகழ்கிறார்கள். 1761ல் ஆங்கிலேயர் தரைமட்டமாக்கிய பட்டணம் அது. 1765ல் திரும்பப் பெற்ற பிரெஞ்சுக்காரர் அதை மறுபடி கட்டி எழுப்பினார்கள். புல்வாருக்கு அப்பால், வழுதாவூர்ச் சாலையை ஒட்டிய எங்கள் பக்கத்துக்கு அத்தகைய வரைபடக்காரன் ஒருவனும் வரவில்லை. சைகோனில் உத்தியோகம் பார்த்தவர்களும், பிரான்சில் பென்ஷன் வாங்கியவர்களும், பணம் கையில் வந்ததும் குழிக்கணக்கில் கழனி வாங்கிக் கல் நட்டு மனை போட்டார்கள். ஒவ்வொரு மனைப்பிரிவுக்கும் ஒரு 'நகர்' என்ற பெயர் வந்தது. வரைபடத்தில் பச்சை மையால் தீட்டிய பொது இடத்தில், முதல் மழைக்காலத்தில் மண் கொட்டினார்கள், அடுத்த கோடையில் கொட்டகை போட்டார்கள், அதற்கும் பிறகு அதுவே ஒருவருடைய மனையாயிற்று. இந்திரா காந்தி மருத்துவக் கல்லூரி வந்தபின் மனை விலை இன்னும் ஏறிவிட்டது. இன்று அங்கே ஒரு பிள்ளை பந்தை உதைக்கவேண்டுமானால் தெருவில் மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவேதான் உதைக்கவேண்டும். அம்மனைகளைப் போட்டவர்கள் கொடியவர்கள் அல்லர். என் உறவினரும் அவர்களில் உண்டு. இத்தனை பேர் கூடிக் கட்டிய இடத்தில் எல்லோருக்கும் உரிய ஒரு காணி நிலத்தை யாருமே தம் பொறுப்பாக எண்ணவில்லை என்பதே எனக்கு ஆறாத துயரம்.

இனி, தொடக்கத்தில் இனிதானதன்று என்று குறிப்பிட்ட அந்த மறுபாதியைச் சொல்லவேண்டும். கே.எல்.சி.சி. பூங்காவில் நான் அடிக்கடி சந்திக்கும் பெரியவர் ஒருவர், நகருக்குத் தெற்கே ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். பேரன் வேலை முடித்து வரும்வரை நிழலில் காத்திருப்பார்.

“கட்டினது நம்மாளுதான்னு எல்லாரும் பெருமையா சொல்றாங்க தம்பி, எனக்கும் பெருமைதான்,” என்றார் ஒருநாள். “ஆனா நம்ம லயம் இருந்த எடத்துல இப்ப தாமான் வந்திருச்சி. அதுல ஒரு வீடு வாங்க எம்மவனுக்கு வக்கில்ல. முனியாண்டி கோயில் மட்டும் ரோட்டோரமா நிக்கிது லா.”

“அப்போ உங்களுக்கு நஷ்டஈடு ஏதும் கொடுத்தாங்களாங்க ஐயா?”

“கொடுத்தாங்க. லாரி வாடகைக்கும் மூணு மாசக் கடைக்கணக்குக்கும் சரியாப் போச்சி.”

லயம் என்பது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு; தாமான் என்பது புதிய வீடமைப்புக் குடியிருப்பு. அவர் கதை தனிக்கதை அன்று. ரப்பர்த் தோட்டங்கள் விற்பனையாகி வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் மாறியபோது, மூன்று தலைமுறை அங்கேயே பிறந்து அங்கேயே மடிந்தவர்களுக்கு, வேலை போன அன்றே கூரையும் போயிற்று. ஏனெனில் லயத்து வீடு கூலியின் ஓர் அங்கமேயன்றி அவர்களுடைய சொத்து அன்று. பினாங்கில் மாடு வளர்த்துப் பிழைத்த தமிழ்க் குடும்பங்களின் கம்போங் புவா பாலா 2009ல் ஓர் அடுக்குமாடித் திட்டத்துக்காக இடிக்கப்பட்டதை நாடே பார்த்தது. பெருநகர நிர்மாணம் என்பது வெற்றுத் திடலில் நிகழ்ந்தால் காவியம். மனிதர் குடியிருக்கும் மண்ணில் நிகழும்போது அது யாரோ ஒருவருடைய அடுப்பை அணைத்துவிட்டே தொடங்குகிறது. ஆனந்த கிருஷ்ணனுக்குக் கிடைத்தது குதிரைகள் ஓடிய திடல். அந்த பாக்கியம் எல்லா மேம்பாட்டாளருக்கும் வாய்ப்பதில்லை.

இந்த இடத்தில் இன்னொரு தமிழரை நினையாமல் இருக்க முடியவில்லை. பிரிக்பீல்ட்ஸின் பிரதான வீதிக்கு துன் சம்பந்தனின் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. 1957ல் மலாயா சுதந்திரம் அடைந்த காலத்தில், ஐரோப்பிய முதலாளிகள் விற்ற தோட்டங்களைத் தரகர்கள் கூறுகூறாக்கி விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று இன்றும் முதியோர் கசப்போடு குறிப்பிடும் அக்கொடுமையில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நிர்க்கதியாயின. அமைச்சராக இருந்த வீ.தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகச் சென்று, மாதம் 10 வெள்ளி (மலாயா டாலர்) வீதம் பங்குப்பணம் சேர்த்தால் நீங்கள் உழைக்கும் தோட்டத்தை நீங்களே வாங்கலாம் என்று எடுத்துரைத்து, 1960ல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஸ்தாபித்தார். கையிருப்பு ஏதுமில்லாத ஜனங்கள் அப்பணத்தைச் சேர்த்தார்கள். சங்கம் தோட்டங்களை வாங்கியது. ஹார்வர்டுப் படிப்பும் பெரும் மூலதனமும் செய்த காரியத்தைக் கண்டு பிரமிக்கும் நாம், பால்வாளி தூக்கிய கைகள் 10 வெள்ளி வீதம் செய்த காரியத்துக்கு அதில் பாதி மரியாதையாவது கொடுத்திருக்கிறோமா? என் நோக்கில் இரண்டாவதே கடினமான காரியம்.

நிலத்தின்மேல் உரிமை யாருக்கு என்ற கேள்விக்கு இவ்வட்டாரத்திலேயே இன்னொரு விடையும் உண்டு. ஆனந்த கிருஷ்ணன் படித்த பள்ளியோடு சேர்ந்ததும் 1904ல் கட்டப்பட்டதுமான விவேகானந்த ஆசிரமம் பிரிக்பீல்ட்ஸில் இன்றும் நிற்கிறது. அதே வளாகத்தில் 23 மாடிக் குடியிருப்பு எழுப்பும் திட்டம் 2014ல் வெளியானபோது, பழைய மாணவர்களும் வட்டாரத்தாரும் திரண்டு எதிர்த்தார்கள். பின்னர் ஆசிரமம் பாரம்பரியக் கட்டடமாகப் பாதுகாக்கப்பட்டது. எதிர்த்தவர்களில் பலர் அக்கட்டடத்துக்கு வாடகையோ வரியோ செலுத்தியவர்கள் அல்லர். அதன் முற்றத்தில் ஓடி விளையாடியவர்கள். அந்த உரிமையை இந்நாடு அங்கீகரித்தது எனக்கு மிகுந்த ஆறுதலைத் தந்தது.

டான் ஸ்ரீ மறைந்தபின் வந்த இரங்கலுரைகளில் பெரும்பாலானவை அவருடைய ஐசுவரியத்தைக் கணக்கிட்டன. அவர் வரலாறும் துன் சம்பந்தனின் சங்க வரலாறும் ஒரே நூலில் அடுத்தடுத்து வைத்துத் தமிழில் விரிவாக எழுதப்படவேண்டும் என்பது என் வேண்டுகோள். நிலநிதிச் சங்கத்துக்கு முதல் தவணை கட்டியவர்கள் இன்று தொண்ணூறை நெருங்கியிருப்பார்கள். பல்கலைக்கழக மாணவர்கள் ஒலிப்பதிவுக் கருவியோடு முதலில் அவர்கள் வீட்டுக்குப் போகட்டும். கோபுரத்தின் கணக்குகள் காகிதத்தில் பத்திரமாக இருக்கின்றன, அவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.