குடிக்காதே என்றவரும் கூலி கேட்டவரும்

நிலக்கரிச் சுரங்க வேலைநிறுத்தத்துக்குத் துணைநின்ற ஒரு பாதிரியாரைப் பற்றிச் சரித்திர நாடகம் எழுதப்போகிறேன் என்று யாராவது வந்தால், 1902-ஆம் ஆண்டுப் பென்சில்வேனியாவை முதலில் படியுங்கள் என்பேன். வில்க்ஸ்-பேரி நகரில் ஜான் கர்ரன் என்றொரு பங்குக் குரு இருந்தார். சிறுவயதில் அவரே கரிக்கூடத்தில் உழைத்தவர். சரிவில் ஓடிவரும் நிலக்கரியிலிருந்து கல்லைப் பொறுக்கி எறிவது அங்கே பையன்களின் வேலை. கையுறை போட விடமாட்டார்கள். போட்டால் விரலுக்குக் கல் தட்டுப்படாதாம். புதிதாகச் சேர்ந்தவனுக்கு விரல் நுனி வீங்கி வெடித்து ரத்தம் கசியும். மேடையில் முதலில் காட்ட வேண்டியது அந்த விரல்களைத்தான். அங்கியும் சிலுவையும் பிறகு வரட்டும்.

மே 12 அன்று போராட்டம் தொடங்கியது. சுமார் 1,47,000 பேர் வேலையை விட்டு வெளியேறினார்கள். கேட்டது 20 சதவீதக் கூலி உயர்வு, 8 மணி நேர வேலை, சங்கத்துக்கு அங்கீகாரம். சுரங்கங்களைக் கையில் வைத்திருந்த ரயில் கம்பெனி ஒன்றின் தலைவர் ஜார்ஜ் பேயர் ஒரு கடிதத்தில், தொழிலாளியின் நலனைச் சங்கக்காரர்கள் பார்க்க வேண்டாம், ஆண்டவன் யாரிடம் சொத்தை ஒப்படைத்தானோ அந்தக் கிறிஸ்தவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்று எழுதினார். அது பத்திரிகைகளில் வெளியாகி நாடே நகைத்தது. நாடக ஆசிரியர் வசனத்துக்கு அலைய வேண்டியதே இல்லை.

கர்ரன் சங்கத் தலைவர் ஜான் மிட்செலின் பக்கம் நின்றார். இவ்வளவு என்றால் நல்ல மனிதர் என்று சொல்லி நகர்ந்துவிடலாம். ஆனால் அவர் விடாப்பிடியான மதுவிலக்குக்காரரும்கூட. அதே ஜனங்களிடம் குடிக்காதே என்று சொல்லிக்கொண்டே, முதலாளிகளிடம் அவர்களுக்காகக் கூலியைக் கூட்டு என்றார். நமக்கு இந்த இரண்டும் சேர்ந்து வருவதில்லை. கஷ்டப்படுகிறவனுக்குப் பரிந்து பேசப் புறப்பட்டால் அவனைக் கண்டிக்க வாய் வராது. கண்டிக்கத் தொடங்கினாலோ, 'குடிக்கிறவனுக்கு எதற்குக் கூலி உயர்வு' என்ற இடத்தில் போய் நிற்போம். பெரியவர்கள் என்று பஞ்சாயத்துக்கு அழைக்கப்படும் என் வயதுக்காரர்கள் பெரும்பாலும் போய் நிற்பது இந்த இரண்டாவது இடத்தில்தான்.

அக்டோபரில் மாநிலத்தின் காவல்படை முழுவதும் இறக்கப்பட்டது. ஜனாதிபதி ரூஸ்வெல்ட் தலையிட்டு ஆணையம் அமைத்த பிறகே, 23-ஆம் தேதி போராட்டம் முடிந்தது. 1903 மார்ச்சில் தீர்ப்பு வந்தது: 10 சதவீத உயர்வு, பெரும்பாலோருக்கு 9 மணி நேர வேலை. சங்கத்துக்கு அங்கீகாரம் கிடைக்கவில்லை.

நாடகக்காரர்கள் இந்த இடத்தில் கொடியை உயர்த்தித் திரையை இறக்கப் பார்ப்பார்கள். வேண்டாம். கேட்டதில் பாதி வாங்கிவந்த வீட்டுக்காரன், ஐந்து மாத மளிகைக் கடன், ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வரும் அதே முகங்கள். அவர்களிடம் கர்ரன் என்ன பேசியிருப்பார் என்று ஒரு காட்சி எழுதுங்கள். கற்பனைதான். ஆனாலும் 1936-இல் இறக்கும்வரை அவர் அந்த ஊரிலேயே இருந்தார். பேசாமல் இருந்திருக்க முடியாது.